அக்கா முகத்தில் இரண்டு கோடு

1

புது வருடக் காலண்டர் வந்துவிட்டது. நம் ஊரில் காலண்டர் என்றால் முருகன், லட்சுமி, அவர்கள் கிடைக்காவிட்டால் கன்னத்தில் கை வைத்த ஒரு கொழுகொழு குழந்தை. இங்கே மேற்கு ஜெர்மனியில் எனக்கு வந்த காலண்டரில் பிப்ரவரி மாதத்துக்கு என் அக்கா பாண்டியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தின் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு கோடு, கணக்கு வாத்தியார் தப்பான விடையை அடித்தமாதிரி.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை ஆளுக்கொரு பெயரில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். எல்லாப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மதுரையில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நியாயமாக ஒரு கேள்வி வரும். கூடப்பிறந்தவள் மூஞ்சியில் கோடு கிழித்தவனை எந்த நாட்டிலாவது காலண்டர் போட்டுக் கொண்டாடுவார்களா? கொண்டாடுகிறார்கள். கூடவே ஒரு கோப்பை புளித்த திராட்சை மதுவும் கொடுக்கிறார்கள். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் என் தொழில் என்னவென்று சொல்லியாக வேண்டும்.

2

அதை நான் வருடா வருடம் இங்கே ஓர் அலுவலகத்தில் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் தங்குவதற்கு அனுமதி நீட்டித்துக் கொடுக்கும் அலுவலகம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் நல்ல மனிதர். அவர் கேட்கிற கேள்விகளுக்குக் காகிதம் மட்டும்தான் பதில் சொல்லலாம், மனிதன் சொல்லக்கூடாது.

"என்ன தொழில்?" என்றார் முதல் வருடம்.

"செம்புத் தகட்டின்மேல் மெழுகு பூசுவேன். ஊசியால் படம் கீறுவேன். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறின இடத்தை மட்டும் அமிலம் அரித்துக் குழியாக்கும்."

"அமிலமா? ரசாயனத் தொழில்."

"அதோடு முடியவில்லை. குழியில் மையைத் தேய்த்து, ஈரத் தாளை மேலே வைத்து, உருளையில் அழுத்தி எடுப்பேன்."

"அப்படியானால் அச்சுத் தொழில்."

"ஓவியம், ஐயா. மனித உருவங்கள்."

அவர் கையிலிருந்த படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செம்பு என்று சொன்னீர்களே, உலோகத் தொழிலில் போடட்டுமா என்று பரிவோடு கேட்டார். எனக்கும் அப்போது ஜெர்மன் மொழி அரைகுறை. நான் ஆட்களைத் தகட்டில் வைத்து அமிலத்தில் போடுகிறவன் என்பதுபோல ஏதோ ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் இருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. ஏழு கடல் தாண்டி வந்து நான் இதர ஆனேன்.

'இதர' ஆட்களுக்கு ஒரு விதி. இந்த ஊரில் யாருக்கோ நீ தேவைப்படுகிறாய் என்று அந்த யாரோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எனக்கு அந்த யாரோ, ஹெல்கா என்ற ஓவிய வியாபாரி அம்மாள். வெள்ளிமுடி, வெள்ளிக் கம்மல், மூச்சுக்கு மூச்சு சிகரெட். அவள் கடிதம் தந்தால் எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் இன்னொரு வருடம் இங்கே குளிரில் நடுங்க அனுமதி உண்டு.

3

இந்தத் தொழிலை நான் கற்றது சென்னை ஓவியக் கல்லூரியில் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அமிலப் புகையை முதலில் மூக்கில் ஏற்றியது மேலமாசி வீதிப் பக்கத்துச் சந்தில், மச்சான் முத்திருளாண்டியின் பிளாக் கடையில். மச்சான் என்றால் பாண்டியம்மாள் அக்காவின் புருஷன். எங்கள் அம்மா செத்தபிறகு அக்கா கல்யாணமாகிப் போகும்போது நானும் சீரோடு சீராக அவளோடு ஆரப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். அவள் போட்ட சோற்றில்தான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போவேன்.

எழுபதுகளில் மதுரையில் கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், கட்சிக் கூட்டத் துண்டறிக்கை எதிலும் படம் வர வேண்டுமானால் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து பிளாக் செய்தாக வேண்டும். மச்சான் செய்தார். இருமிக்கொண்டே செய்தார். பிறகு நான் சென்னைக்குப் போனால் அங்கே அதே அமிலம், அதே இருமல், பெயர் மட்டும் எச்சிங். மச்சான் கடையில் அரித்தால் காதணி விழா, கல்லூரியில் அரித்தால் நவீனக் கலை.

அங்கேயும் நான் இதரதான். கூடப் படித்தவர்கள் எல்லாம் வட்டம், முக்கோணம், ஒரு சிந்துகிற மை என்று உலகத்தோடு ஒட்ட ஒழுகிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண் மூக்கு காதோடு ஆட்களைக் கீறிக்கொண்டிருந்தேன். "இன்னுமா மூஞ்சி வரையற?" என்று பரிதாபமாகக் கேட்பார்கள். மூஞ்சி வரைந்தே பழகிய கை, வேறென்ன செய்யும்?

மச்சான் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. உயிரோடு இருக்கிறவன் முகத்தில் கோடு விழக்கூடாது. தகடு கெட்டால் இன்னொன்று செய்வாரே தவிர, முகத்தை அடித்துத் தூக்கிப் போடமாட்டார். ஒருமுறை கொட்டாம்பட்டியிலிருந்து ஒருவர் குடும்பப் படத்தோடு வந்தார். மகளுக்குக் காதணி விழா. படத்தில் நடுநாயகமாக அவர் தம்பி நிற்கிறார். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு.

"இந்த மூஞ்சியச் சொரண்டி எடுத்துருங்கண்ணே" என்றார்.

"உசுரோட இருக்காருல்ல?"

"இருக்கான், எனக்கு எமனா."

"அப்ப ஊசி வைக்க மாட்டேன். நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வீட்டுச் சண்டைக்கு என் கையி காரணமாகும். வேணும்னா மேல ஒரு குத்துவிளக்க வச்சு மறைச்சுத் தாரேன்."

அப்படியே ஆயிற்று. பத்திரிகையில் குடும்பத்தார் வரிசையாக நிற்க, நடுவில் தலையிலிருந்து இடுப்பு வரை ஒரு குத்துவிளக்கு, கீழே வேட்டியும் இரண்டு கால்களும். விழாவுக்கு அந்தத் தம்பியும் வந்து, விளக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போனதாகக் கேள்வி. அப்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு முதல் வரிசையில் போய் உட்காருகிறவன்.

4

அக்கா படத்தை நான் இங்கே வந்துதான் செய்தேன். மதுரையில் அவள் மச்சானுக்குச் சாப்பாடு கொண்டு வந்து, வேலை முடியட்டும் என்று கடைவாசலில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது கூப்பிட்டால் முகம் பாதி திரும்பும், கண் முழுசாகத் திரும்பிவிடும். அந்தப் பாதித் திருப்பம்தான் படம். பார்த்து வரைய ஆளும் இல்லை, போட்டோவும் இல்லை. மனதில் இருந்ததைக் கீறினேன். வேறு எந்தத் தகட்டிலும் எனக்கு அப்படி ஒரு முகம் வந்ததில்லை.

ஒரே ஒரு கோளாறு. மெழுகு ஓரிடத்தில் சரியாகப் பிடிக்காமல் அமிலம் உள்ளே புகுந்து கன்னத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. இந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரு விமர்சகர் அந்தப் புள்ளிகளைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினார். மூன்றாம் உலகத்தின் பட்டினி, காலனியாதிக்கத்தின் தழும்பு, பெண்ணின் பேசாத வரலாறு. சோதனைக்கு எடுத்த பிரதி ஒன்றை மதுரைக்கு அனுப்பியிருந்தேன். அதற்கு அக்கா மச்சானை விட்டு எழுதச் சொன்ன விமர்சனம் ஒரு வரி: "எனக்கு எப்படா அம்மை போட்டுச்சு?"

படம் நன்றாகப் போனது. இந்தத் தொழிலில் எத்தனை பிரதி என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இருபது என்றால் இருபதுதான். இருபதும் முடிந்ததும் அந்தத் தகட்டைச் சாகடிக்க வேண்டும். படத்தின்மேல் மூலைக்கு மூலை ஆழமாகக் கோடு வெட்டி, அப்படி வெட்டின தகட்டிலிருந்து சாட்சிக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். இனி எவனும் கள்ளப் பிரதி அடிக்க முடியாது என்று வாங்கினவர்களுக்கு நிம்மதி. கோயிலுக்குப் போகாதவர்கள், ஏணிக்குக் கீழே நடந்தால் கெடுதல் என்ற இந்த ஊர்ப் பயம்கூட இல்லாதவர்கள், இந்தச் சடங்கை மட்டும் ஒரு துளி பிசகாமல் செய்வார்கள்.

எனக்கும் அது புதிதல்ல. மீன்காரி, மாட்டுவண்டி, வைகை மணலில் துணி காய்வது என்று எத்தனையோ தகட்டை வெட்டியிருக்கிறேன். அக்கா தகட்டின் முறை வந்தபோதுதான் மச்சானிடமிருந்து சேதி வந்தது. அக்காவுக்கு வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேசன். டாக்டர் பயப்பட வேண்டாம் என்கிறார், ஆனால் அதை மூன்று தடவை சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது.

அதே திங்கட்கிழமை காலையில்தான் எனக்கு அனுமதி அலுவலகத்தில் முறை. அதற்கு ஹெல்காவின் கடிதம் வேண்டும். ஹெல்காவுக்குத் தகட்டை வெட்டின சாட்சிப் பிரதி வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்குமுன் வேண்டும்.

போய்க் கெஞ்சினேன். "அடுத்த வாரம் வெட்டித் தருகிறேன்."

"ஏன், தகட்டுக்குக் காய்ச்சலா?"

உண்மையைச் சொன்னேன். அவள் சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அழகான நம்பிக்கை! இதைக் கண்காட்சிக் குறிப்பில் சேர்க்கலாமா?" என்றாள். தேதியை மட்டும் மாற்ற மாட்டேன் என்றாள்.

முகத்தைத் தொடாமல், சேலைக் கரையோரமாக ஒதுங்கின மாதிரி இரண்டு கோடு போடுகிறேனே என்றேன். முகம் பிழைத்தால் படம் பிழைத்துவிடும், செல்லாது என்றாள். கடைசியாக, வெட்கத்தை விட்டு, முகத்தின்மேல் ஒரு விளக்கை வரைந்து மறைத்துவிடட்டுமா என்று கேட்டேன். குத்துவிளக்கு என்பதற்கு எனக்கு ஜெர்மன் வார்த்தை தெரியவில்லை. எண்ணெய் ஊற்றி எரிக்கும் கம்பம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கவலையோடு என் நெற்றியைப் பார்த்தாள்.

5

தபால் நிலையத்துக் கூண்டில் இருந்து மச்சான் கடைக்குப் போன் போட்டேன். அப்போதுதான் கடைக்குப் போன் வந்திருந்தது. மச்சானிடம் யோசனை கேட்கலாம் என்று நினைத்தால், எடுத்தது அக்கா. ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவள், அன்றைக்கும் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள்.

"என்னடா தம்பி, இந்நேரத்துல? புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா. உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன. ஒன் மச்சான்தான் இப்பவே சோத்துக்கு என்ன பண்றதுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காரு. என்ன விசயம், சொல்லு. காசு ஓடுது."

வளைத்து வளைத்துச் சொன்னேன். அந்தப் படம் இருக்கிறதல்லவா, அதை இனிமேல் அடிக்க மாட்டார்கள், அதனால் இங்கே ஒரு வழக்கம், தகட்டில் சும்மா கோடு மாதிரி.

"கோடுன்னா எங்கிட்டு?"

"மேல."

"மேலன்னா? மூஞ்சி மேலயா?"

"ஆமாக்கா."

 பிறகு அக்கா கேட்டாள்: "ஆபரேசனுக்கு முந்தியா, பிந்தியா?"

அவள் சிரிப்பாள், போடா கூறுகெட்டவனே என்பாள், என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் சொல்லியிருந்தேன். அவளும் பயந்துவிட்டாள். பகுத்தறிவுக் கூட்டத்து முதல் வரிசைக்காரன் கூண்டுக்குள் வியர்த்துப்போய் நின்றேன்.

"முந்தி போடச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை. நான் முடியாதுன்னு சொல்லிரப் போறேன்."

"சொன்னா என்ன பண்ணுவாக?"

"கடுதாசி தர மாட்டாங்க. இங்க இருக்க விடமாட்டாங்க. அதனால என்ன, ஊருக்கு வந்துர்றேன்."

"வந்து? மூணு பேரும் வந்து? கடையில ஒன் மச்சானுக்கே வேல இல்ல. எல்லாரும் புதுசா ஆப்செட்டு அச்சுன்னு போறாக. ஒன் மூஞ்சிப் படத்த இங்க எவன் வாங்குவான்?" சற்று நேரம் மூச்சு வாங்கினாள். "வெள்ளிக்கிழமையே போட்டுரு."

"அக்கா..."

"நான் சொல்றேன்ல. போட்டுரு. நல்ல நேரம் பாத்துப் போடு, ராகு காலத்துல வைக்காத. மெதுவாப் போடு, தம்பி."

6

வியாழக்கிழமை மாலை அச்சுக்கூடத்தில் தகட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ராகு காலம் வரும், அதற்கு முன்னால் இன்றே வெட்டிவிடுவது உத்தமம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மதுரை ராகு காலத்தை ஜெர்மனிக் கடிகாரத்துக்கு எப்படி மாற்றுவது என்று மட்டும் புரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு மகள் கயல் வந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பனியில் சறுக்குவது, ஜெர்மன் மொழியில் எந்தப் பொருள் ஆண்பால், எது பெண்பால் என்று பிசகாமல் பேசுவது, சோற்றை முள்கரண்டியால் குத்துவது எல்லாம் சுத்தமாக வரும். தமிழ் வீட்டுக்குள் மட்டும், அதுவும் எங்கள் மேல் இரக்கப்பட்டு.

"அப்பா, நீ ஏன் அதையே பாக்குற?"

சொன்னேன். நம் ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள் முகத்தில் இப்படிக் கோடு போடக்கூடாது, போட்டால் அவர்களுக்குக் கெடுதல் வரும் என்பார்கள், படத்தில் இருக்கிற இவர்களுக்கு இப்போது ஆபரேசன், அதனால் அப்பாவுக்குக் கொஞ்சம் பயம். சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்த மதத்தையும் கேலி செய்யக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக யோசித்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"குடு, நான் போடுறேன். எனக்கு அந்த அம்மாவத் தெரியாதே. தெரியாதவங்க போட்டா ஒண்ணும் ஆகாது, இல்லையா?"

எனக்கு உதவி செய்யத்தான் சொன்னாள். அவள் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இவளுக்கு அக்கா யார்? எப்போதாவது போனில் இரைச்சலுக்கு நடுவே "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்கிற ஒரு குரல். சுவரில் ஈரத்தோடு காயப் போட்டிருந்த ஒரு படம். அத்தை என்றுகூட வாயில் வரவில்லை, அந்த அம்மா. நான் இத்தனை நாளாக ஹெல்காவையும் மேசைக்காரரையும் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். அவர்களாவது வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார்கள். நானோ இவள் மனதில் அக்காவை எப்போதோ அடித்துவிட்டிருந்தேன்.

"இல்லம்மா. தெரிஞ்சவங்கதான் போடணும்" என்று சொல்லிவிட்டு வெட்டுளியை எடுத்தேன்.

முதல் கோடு டிபன் கேரியரில் தொடங்கி, தோள் வழியாக, தாடைக்கு ஏறிற்று. செம்பு மெத்தென்று விட்டுக்கொடுத்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் என்னை அறியாமல் "அக்கா" என்றேன். "யாரக் கூப்பிடுற?" என்றாள் கயல். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இரண்டாவதையும் வெட்டினேன். அமிலத்தில் புள்ளி விழுந்த கன்னத்துக்கு மேலே இரண்டும் சந்தித்தன. நன்றாக, ஆழமாக, செல்லுபடியாகும் விதத்தில் வெட்டியிருந்தேன். நான் தொழில்காரன்.

கண்காட்சியில் மற்ற படங்களையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் அந்தச் சாட்சிப் பிரதிக்கு முன்னால், இப்போது காலண்டரில் வந்திருக்கிறதே அதற்கு முன்னால், போய் நின்றார்கள். விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புலம்பெயர்ந்தவனின் பிளவு, என்றார். உருவ ஓவியம் தன்னைத்தானே மறுதலிக்கும் கணம், என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

திங்கட்கிழமை மேசைக்காரர் அதைப் படித்துவிட்டு முத்திரையை மையில் தொட்டு, ஊதி, குத்தினார். "வாழ்த்துகள்" என்றார். அந்த நேரம் மதுரையில் அக்காவை உள்ளே கொண்டு போயிருப்பார்கள்.

7

மறுநாள் மச்சான் தந்தி கொடுத்துவிட்டார், நல்லபடியாக முடிந்தது என்று. ஆனாலும் அக்கா குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, கடைவரை ரிக்‌ஷாவில் வரத் தெம்பு வந்தபிறகுதான் பேச முடிந்தது. குரல் பாதியாகியிருந்தது.

"கோடு போட்டியாடா?" அதுதான் முதல் கேள்வி.

"போட்டேன்க்கா."

"யாரு போட்டது? அந்த வெள்ளக்காரியா?"

"இல்ல. நாந்தான்."

"ஒன் கையாலயா?"

"என் கையாலதான்."

"அதான பாத்தேன். அதான் பொழச்சேன். கூடப்பொறந்தவன் போட்ட கோடு ஒண்ணும் செய்யாதுடா. வேத்தாளு போட்டாத்தான் பலிக்கும்."

இப்படி ஒரு சாஸ்திரம் மதுரையிலும் கிடையாது, சுற்றுவட்டாரத்துப் பதினெட்டுப் பட்டியிலும் கிடையாது. படுத்துக் கிடந்த நாட்களில் எனக்காக யோசித்து அவளே உண்டாக்கினது. வயிற்றைக் கிழித்துத் தைத்துக் கிடந்தவள், கோடு போட்டவன் மனம் கஷ்டப்படுமே என்று கிடந்து யோசித்திருக்கிறாள். கூண்டுக்குள் நின்று அழுதேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்கள்.

"அழுவாத. காசு ஓடுது பாரு" என்றாள். "ஏன்டா, புள்ளைக்கு அந்தப் படத்தக் காட்டி இதான் ஒங்கத்தைன்னு சொல்லிவச்சிருக்கேல்ல? கயலுக்கு என்னயத் தெரியும்ல?"

"தெரியும்க்கா" என்றேன்.